ஓடு பிறந்த கதை – 5: குழாயில் விழுந்த துளை

இதுவரை: தென் ஆஸ்திரேலியாவின் எடியாகாரா குன்றுகளில் 1946-இல் ரெஜினால்டு ஸ்பிரிக் என்ற நிலவியலாளர் கண்ட பாறை அச்சுகள், ஓடும் எலும்பும் இல்லாத ஒரு கடலை உலகுக்குக் காட்டின. இறகு போல, மெத்தை போல, வட்டத் தட்டு போலப் பல உயிர்கள். கடலடியில் பாய் விரித்தாற்போல் நுண்ணுயிர்ப் படலம். அதன்மேல் படுத்தபடியே பசியாறிய டிக்கின்சோனியா. அந்தப் பாறைகளில் கடித்த காயம் இல்லை, பல் இல்லை, நகம் இல்லை.

பல் இல்லாத ஊரில் கவசத்துக்கு என்ன வேலை? சென்ற வாரம் நின்ற இடம் அதுதான்.

◆ ◆ ◆

நாமாவின் சுண்ணாம்புக்கல்

நமீபியாவின் தென்பாதி, மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் நிலம். ஆட்டுப் பண்ணைகள், முள் புதர்கள், மரம் முளைக்காத மேட்டுக் குன்றுகள். மண்ணும் புல்லும் மூடாததால் பாறை அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பட்டமாகத் தெரியும். நிலவியலாளர்கள் இவற்றை நாமா தொகுதி என்பார்கள். இன்று புழுதி பறக்கும் இந்த இடம் ஒரு காலத்தில் ஆழம் குறைந்த கடல்.

1972-இல் நமீபியா தென்னாப்பிரிக்காவின் ஆட்சியில் இருந்தது. பெயரும் வேறு, தென்மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே நாமா அடுக்குகளை ஏறி இறங்கி ஆராய்ந்த ஜெரார்டு ஜெர்ம்ஸ், அந்த ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். சுண்ணாம்புக்கல்லுக்குள் சின்னச் சின்னக் குழாய்கள் இருப்பதாகவும், அவை ஓடுகள் என்றும் அதில் எழுதினார். குழாய்க்கு அவர் வைத்த பெயர் குளோடினா. விலங்குகளின் தொடக்கத்தைப் பற்றி வாழ்நாளெல்லாம் வாதாடிய அமெரிக்க நிலவியலாளர் பிரஸ்டன் கிளவுடைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது.

ஒரு குழாய்க்கு இத்தனை பரபரப்பா என்று தோன்றலாம். பரபரப்பு குழாயில் இல்லை, அது கிடந்த அடுக்கில் இருந்தது.

ஓடு என்றாலே கேம்ப்ரியன் காலம் என்பது நூறாண்டுப் பாடம். கேம்ப்ரியன் பாறைகளில் ஓடுகள் கொட்டிக் கிடக்கும். அதற்குக் கீழே போனால் வெறும் கல். 1859-இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ எழுதிய டார்வினையே இந்தத் திடீர்த் தோற்றம் உறுத்தியது. தம் கொள்கைக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதங்களில் ஒன்று இது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஜெர்ம்ஸின் குழாய்களோ அந்தக் கோட்டுக்குக் கீழே, எடியாகாரன் அடுக்குகளில் கிடந்தன.

வயதை உறுதிசெய்ய மேலும் 23 ஆண்டுகள் ஆயின. நாமா அடுக்குகளுக்கு நடுவே பழைய எரிமலைச் சாம்பல் படிந்த அடுக்குகள் உண்டு. அந்தச் சாம்பலில் உள்ள சிர்கான் மணிகளில் யுரேனியம் சிதைந்து ஈயமாக மாறிய அளவைக் கணக்கிட்டு, ஜான் கிராட்ஸிங்கரும் அவர் குழுவினரும் 1995-இல் காலத்தைச் சொன்னார்கள்: ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கும் 54 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது.

ஓடு, தான் பிறந்ததாகச் சொல்லப்பட்ட காலத்துக்கு முன்பே பிறந்துவிட்டிருந்தது.

◆ ◆ ◆

கோப்பைக்குள் கோப்பை

டீக்கடையில் காகிதக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீளமாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த அடுக்கை லேசாக வளைத்து, பென்சிலை விட ஒல்லியாகச் சுருக்கிக்கொண்டால் குளோடினாவின் உருவம் வந்துவிடும். பெரிய குழாய்களே ஆறேழு மில்லிமீட்டர் அகலம்தான். மிக நீண்டது ஒரு சாண் இருக்கலாம். பெரும்பாலானவை இதில் பாதி கூட இல்லை.

ஒவ்வொரு கோப்பையும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கிளிஞ்சலும் முட்டையோடும் எதனால் ஆனவையோ அதேதான். சுவர் தாளைப் போல மெல்லியது. வளரும்போது பழைய கோப்பையை இடிக்காமல், அதற்குள்ளேயே புதிய கோப்பை ஒன்றைக் கட்டிக்கொண்டு உள்ளிருந்த உயிர் மேலே நகர்ந்தது. பழைய கோப்பைகளின் விளிம்புகள் வெளிப்புறத்தில் வளையம் வளையமாகத் துருத்தி நின்றன.

உள்ளே இருந்தது யார்? பவளத்தின் உறவா, புழுவா என்று ஐம்பது ஆண்டு வழக்கு. 2020-இல் மிசோரி பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஷிஃபவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் நெவாடாவில் கிடைத்த குளோடினா வகைக் குழாய்களை உடைக்காமல், எக்ஸ்ரே மூலம் அடுக்கடுக்காகப் படம்பிடித்துப் பார்த்தார்கள். சில குழாய்களுக்குள் நீளவாக்கில் இன்னொரு மெல்லிய குழல் தெரிந்தது. அதைக் குடல் என்று அவர்கள் படித்தார்கள். வாய் ஒரு முனையில், கழிவு வெளியேறும் வழி மறுமுனையில். பவளத்துக்கு அப்படி ஒரு குடல் கிடையாது; உண்பதும் கழிப்பதும் ஒரே வாய் வழிதான். தராசு புழுவின் பக்கம் சாய்ந்தது.

தனிக்குடித்தனமும் இல்லை. நமீபியாவின் ட்ரீடோர்ன்ஃப்ளாக்ட என்ற இடத்தில் குளோடினாக்கள் ஒன்றோடொன்று சாய்ந்து, ஒட்டி, கூட்டமாக ஒரு திட்டையே கட்டியிருந்ததை எடின்பரோவைச் சேர்ந்த அமீலியா பென்னி, ரேச்சல் வுட் ஆகியோரின் குழு 2014-இல் காட்டியது. 54.8 கோடி ஆண்டு வயது. விலங்குகள் தங்கள் ஓட்டைக் கொண்டு கட்டிய திட்டைகளில் இதுவரை தெரிந்ததிலேயே பழையது என்று அவர்கள் அறிவித்தார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு குடித்தனம். காம்பின் மேல் நிறுத்திய கிண்ணம் போன்ற நாமகலாதஸ். பக்கவாட்டில் ஆறேழு சாளரங்கள். 2000-இல் கிராட்ஸிங்கர், வாட்டர்ஸ், நோல் மூவரும் அதற்குப் பெயர் சூட்டினார்கள். கல்லுக்குள் இறுகியிருந்ததைத் தனியே பிரிக்க முடியவில்லை. எனவே பாறையை மெல்லிய சீவல்களாக அரைத்து அரைத்து, ஒவ்வொரு சீவலையும் படமெடுத்து, கணினியில் அடுக்கி அந்தக் கிண்ணத்தை மீட்டெடுத்தார்கள்.

கூட்டமாக வாழ்வதற்கும், சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்பதற்கும், அலையைத் தாங்குவதற்கும் ஓடு உதவியிருக்கும். இத்தனை விளக்கம் போதாதா? எதிரி என்று ஒருவர் எதற்கு?

அந்த எதிரியின் கையெழுத்து சீனாவில் கிடைத்தது.

◆ ◆ ◆

வினிகர் காட்டிய சாட்சி

ஒரு முட்டையை வினிகரில் ஒரு நாள் போட்டு வைத்தால், ஓட்டின்மேல் நுரை நுரையாகக் குமிழ் எழும். மறுநாள் ஓடு இருக்காது. தோல் மூடிய மெத்தென்ற உருண்டைதான் கையில் வரும். கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரைந்துவிடும். கால்சியம் பாஸ்பேட்டோ மென்மையான அமிலத்துக்கு எளிதில் மசியாது.

தொல்லுயிரியலாளர்கள் இந்தச் சமையலறை வித்தையைத்தான் ஆயுதமாக வைத்திருக்கிறார்கள். வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து, அதில் சுண்ணாம்புக்கல்லைப் போட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார்கள். கல் கரைந்து, அடியில் மண்ணும் துகளும் தங்கும். அதைச் சலித்து, நுண்ணோக்கியின் கீழே வைத்து, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். பாஸ்பேட்டால் ஆன ஓடோ, புதைந்தபின் பாஸ்பேட் ஊறி மாறிப்போன ஓடோ இருந்தால் அது கரையாமல் அப்படியே கிடைக்கும்.

சீனாவின் ஷான்சி மாகாணத்துக் குளோடினாக்களுக்கு அந்த யோகம் வாய்த்திருந்தது. அவை பாஸ்பேட்டாக மாறியிருந்தன. நமீபியக் குழாய்களைக் கல்லின் வெட்டுமுகத்தில்தான் பார்க்க முடிந்தது. ஷான்சிக் குழாய்களைக் கையில் எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம்.

சுவீடனைச் சேர்ந்த ஸ்டெஃபான் பெங்ட்சனும் சீனாவைச் சேர்ந்த யுவே சாவும் அப்படித் திருப்பிப் பார்த்தார்கள். சில குழாய்களின் பக்கச் சுவரில் வட்டமான துளைகள் இருந்தன. 1992-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: இவை வேட்டையின் தடயங்கள்.

◆ ◆ ◆

துளையை எப்படி நம்புவது?

கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்குகிற பிள்ளைகளுக்கு ஒரு செய்தி தெரியும். சில கிளிஞ்சல்களில் யாரோ துளைப்பான் வைத்துப் போட்டது போல வட்டத் துளை இருக்கும். நூல் கோக்கத் தோதாக இருப்பதால் அவற்றுக்குத்தான் போட்டி. போட்டது நத்தை. மணலுக்குள் ஊரும் ஒரு வகைக் கடல் நத்தை, இரையின் ஓட்டை அமிலத்தால் இளக்கி, அரம் போன்ற நாக்கால் மணிக்கணக்கில் சுரண்டி, உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டுப் போகும்.

ஆனால், எல்லாத் துளையும் கொலைத் துளை ஆகிவிடாது. இறந்தபின் வெற்று ஓட்டில் பாசியோ புழுவோ குடியேறத் துளைக்கலாம். புதைந்தபின் ரசாயனம் அரிக்கலாம். 55 கோடி ஆண்டில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். எனவே துளை மட்டும் சாட்சியாகாது. துளைகளின் பழக்கம் சாட்சியாக வேண்டும்.

முதல் சாட்சி அளவு. துளைகளில் சிறியவை தலைமுடியின் கனத்தைவிடச் சிறியவை. பெரியவை கூட அரை மில்லிமீட்டரை எட்டாதவை. ஆனால் சிறிய குழாயில் சிறிய துளை, பெரிய குழாயில் பெரிய துளை என்று ஓர் ஒழுங்கு தெரிந்தது. அரிப்பு அளவு பார்த்து அரிக்காது. தன் உடலுக்கு ஏற்ற இரையைத் தேர்ந்தெடுக்கிற ஒருவரின் வேலை இது.

இரண்டாவது, எண்ணிக்கை. சில குழாய்களில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தன. காலிப் பானையை யாரும் இரண்டாம் முறை திறக்க மாட்டார்கள். முதல் தாக்குதலில் உள்ளிருந்தவர் தப்பியிருக்க வேண்டும். புதிய கோப்பைக்குள் பின்வாங்கும் வசதி உள்ள வீடு அது என்பதை நினைத்துப் பார்த்தால், கோப்பைக்குள் கோப்பை கட்டியதன் அருமை புரியும்.

மூன்றாவது சாட்சிதான் வழக்கைத் திருப்பியது. 2003-இல் ஹுவா ஹோங் தலைமையிலான குழு, ஷான்சியின் லிஜியாகோவில் குழாய்களை மேலும் நிறையச் சேகரித்தது. சில இடங்களில் ஐந்தில் ஒரு குளோடினா வரை துளைபட்டிருந்தது. அதே அடுக்கில், அதே சேற்றில், சைனோடியூபுலைட்ஸ் என்ற இன்னொரு குழாய் விலங்கும் கிடந்தது. பல அடுக்குச் சுவரும் சொரசொரப்பான வெளிப்புறமும் கொண்டது. அதில் துளையே இல்லை.

அருகருகே இரண்டு வீடுகள். ஒன்றில் கன்னம் வைத்திருக்கிறார்கள், மற்றதைத் தொடவில்லை. கடல்நீரின் ரசாயனம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆள் பார்த்து நுழைந்தது, ஓர் உயிர்தான்.

◆ ◆ ◆

நஞ்சே நற்பொருளாக

வேட்டை தொடங்கியது என்றே வைத்துக்கொள்ளலாம். மெத்தென்ற ஒரு புழு, கல்லால் வீடு கட்ட எங்கே கற்றது?

பதில், செல்லின் மிகப் பழைய அச்சம் ஒன்றில் இருக்கிறது. கடலில் கால்சியம் ஏராளம். செல்லுக்குள் அது கட்டுக்கு மீறினால் ஆபத்து; உயிரின் எரிபொருள் மூலக்கூறுகளில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து கட்டி கட்டியாக உறைந்துவிடும். அதனால் செல்கள் ஓயாமல் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. கடல்நீரில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் செல்லுக்குள் இருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓட்டை ஒழுகும் படகில் இடைவிடாமல் நீர் இறைப்பது போன்ற வேலை இது.

இறைத்த கால்சியம் தோலுக்கு வெளியே சேர்ந்தால் என்ன ஆகும்? அங்கே கார்பனேட்டோடு கூடிப் பளிங்காகப் படியும். வேண்டாத பொருளை வெளியே தள்ளும் இந்த வேலையே பின்னாளில் ஓடு கட்டும் வேலையாகியிருக்கலாம் என்று கென் சிம்கிஸ் என்ற உயிரியலாளர் 1977-இலேயே எழுதினார். கழிவைக் கொட்டிய இடத்தில் சுவர் எழும்பியது என்று சொன்னால் பொருந்தும்.

ஆயினும் தானாகப் படிந்தது சுவராகிவிடாது. பளிங்கு எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்த வடிவில் வளர வேண்டும் என்று உத்தரவு போட ஆள் வேண்டும். புரதங்களும் சளிப் பொருள்களும் அந்த மேற்பார்வையைச் செய்கின்றன.

அவற்றில் ஒன்றின் வரலாறு ஒரு கடற்பஞ்சிலிருந்து தெரியவந்தது. பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் பவளப்பாறைக் குகைகளில், வெளிச்சம் குறைந்த மூலைகளில், ஆரஞ்சு நிற உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் அஸ்ட்ரோஸ்க்ளெரா. பெயரில்தான் பஞ்சு, அடிப்பாகம் கெட்டிச் சுண்ணாம்பு. 2007-இல் டேனியல் ஜாக்சன், கெர்ட் வோர்ஹைட உள்ளிட்டோர் இது ஓடு கட்டப் பயன்படுத்தும் நொதியைப் பிரித்தெடுத்தார்கள். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற அந்த நொதி கரியமில வாயுவைக் கார்பனேட்டாக்கும் பாதையை வேகப்படுத்துவது. மற்ற விலங்குகளின் அதே குடும்ப நொதிகளோடு வைத்து வம்சாவளி வரைந்தபோது, எல்லாக் கோடுகளும் ஒரு மூதாதை மரபணுவில் போய்ச் சேர்ந்தன. விலங்குகளின் பொது மூதாதையிடமே அது இருந்திருக்கிறது.

அந்த மூதாதைக்கு ஓடு கிடையாது. நொதி அங்கே வேறு ஏதோ அன்றாட வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மனிதனின் ரத்தச் சிவப்பணுக்களில் அதன் உறவு நொதி இன்றும் கரியமில வாயுவைச் சுமக்கத்தான் உதவுகிறது.

கொல்லனின் சுத்தியல் ஊரில் ஏற்கெனவே இருந்தது. வாளுக்கு ஆர்டர்தான் புதிது. அதனால்தான் ஓடு ஒரே ஒரு முறை பிறந்து எல்லோருக்கும் பங்கு பிரிக்கப்படவில்லை. சங்கும், பவளமும், நண்டும், நட்சத்திர மீனும் தத்தம் ஓட்டைத் தனித்தனியாகவே கண்டுபிடித்தன. விலங்குகளில் இது குறைந்தது இருபது முறையாவது நடந்திருக்கும் என்பது பரவலான கணிப்பு.

விலங்குகளுக்கு முன்பே, ஒற்றைச் செல் உயிர்களும் இதை முயன்று பார்த்திருக்கின்றன. கனடாவின் யூகான் பகுதியில் கிடைத்த, 81 கோடி ஆண்டு பழைய பாஸ்பேட் செதில்கள் அதற்குச் சான்று. இன்னும் விந்தை: அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பாறைகளில் கிடைத்த, 74 கோடி ஆண்டுக்கும் பழைய ஒற்றைச் செல் உயிர்களின் கூடுகளில் நுண்துளைகள் இருப்பதை சூசன்னா போர்ட்டர் 2016-இல் காட்டினார். துளை போடும் தொழில் விலங்கைவிடப் பழையது.

◆ ◆ ◆

உப்புக்குள் சிக்கிய கடல்

இந்த இடத்தில் எதிர்க்கட்சி எழுந்து நிற்கிறது. வேட்டை கிடக்கட்டும், கடல் மாறியது என்கிறார்கள் அவர்கள்.

உப்பளப் பாத்தி காயும்போது, உப்புப் பளிங்குக்குள் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கடல்நீர் சிக்கிக்கொள்வதுண்டு. கோடிக்கணக்கான ஆண்டு பழைய உப்புப் பாறைகளிலும் அந்தத் துளிகள் இருக்கின்றன. 2004-இல் ஷான் பிரென்னன், டிம் லோவென்ஸ்டீன், ஜுஸ்கே ஹோரிடா மூவரும் அப்படிப்பட்ட துளிகளை ஆராய்ந்தார்கள். 54.4 கோடி ஆண்டு பழைய துளிக்கும் 51.5 கோடி ஆண்டு பழைய துளிக்கும் இடையே, கடலின் கால்சியம் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது.

அத்தனை கால்சியம் எங்கிருந்து வந்தது? கிராண்ட் கேன்யனில் கேம்ப்ரியன் மணற்கல்லுக்கு நேர்கீழே, பல இடங்களில் நூறு கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி விட்டு, பழைய பாறை தொடங்குகிறது. நடுவில் இருந்த பாறைகளைக் காணோம். பெரும் இடைமுறிவு என்று அதற்குப் பெயர். நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் நொறுங்கிக் கிடந்த நிலத்தின்மேல் கேம்ப்ரியன் கடல் ஏறி வந்தபோது, அந்தச் சிதைவில் கரைந்த கால்சியமும் பாஸ்பேட்டும் பிற அயனிகளும் கடலில் கலந்தன என்று ஷானன் பீட்டர்ஸும் ராபர்ட் கெய்ன்ஸும் 2012-இல் வாதிட்டார்கள். கால்சியம் கூடக்கூட, அதை வெளியே தள்ளும் வேலையும் கூடியிருக்கும்; ஓடு கட்டுவது எளிதாகியிருக்கும்.

கடலின் கை ஓட்டில் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஒரே கால்சியம் கார்பனேட் கால்சைட்டாகவும் படியும், அரகோனைட்டாகவும் படியும். எது எளிது என்பதைக் கடலில் உள்ள மக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கும். போர்ட்டர் 2007-இல் பழைய ஓடுகளைக் காலவரிசைப்படி அடுக்கிப் பார்த்தார். கடல் அரகோனைட்டுக்குச் சாதகமாக இருந்தபோது ஓடு கட்டத் தொடங்கியவை அரகோனைட்டில் கட்டியிருந்தன. கால்சைட்டுக்குச் சாதகமானபின் வந்தவை பெரும்பாலும் கால்சைட்டைப் பிடித்துக்கொண்டன. பிறகு கடல் பலமுறை மாறியும், பல வம்சங்கள் முதலில் பிடித்ததை விடவில்லை. பாட்டி கைப்பக்குவம் பேத்தி வரை வருவது போல.

இவ்வளவும் சரிதான். ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. கால்சியம் பெருகியது கேம்ப்ரியனில். குளோடினா குழாய் கட்டியது அதற்கு முன்னே. பொருள் மலிவானதும் எல்லோரும் வீடு கட்டினார்கள் என்பது புரிகிறது. விலை ஏறியிருந்த காலத்திலேயே ஒருவர் கட்டியிருக்கிறாரே, அவருக்கு என்ன அவசரம்?

நடுவில் ஒரு மூன்றாம் தரப்பும் உண்டு: ஆக்சிஜன். இன்றைய கடலடியில் ஆக்சிஜன் மிகக் குறைந்த பகுதிகளில் புழுக்கள் வாழ்கின்றன. ஆனால் இன்னொரு விலங்கை வேட்டையாடும் புழுக்கள் அங்கே மிக அரிது என்பதை எரிக் ஸ்பெர்லிங்கும் கூட்டாளிகளும் 2013-இல் காட்டினார்கள். துரத்தவும், துளைக்கவும், பெரிய இரையைச் செரிக்கவும் மூச்சு வேண்டும். கடலில் மூச்சு கூடிய காலமும் வேட்டை தொடங்கிய காலமும் ஒன்றா என்பதில்தான் இன்று பெரும் சண்டை.

◆ ◆ ◆

உடல் இல்லாத கவசங்கள்

53.9 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்ப்ரியன் தொடங்குகிறது. இனி வருவது வெள்ளம்.

சைபீரியாவில் ஆல்டன் ஆற்றங்கரைச் சுண்ணாம்புக்கல், சீனாவில் யுன்னான் மாகாணத்து மெய்ஷூசுன் அருகே பாஸ்பேட் சுரங்கம். எங்கே கல்லைக் கரைத்தாலும் அடியில் தங்கியவை குட்டிக் குட்டி ஓடுகள். ஊசி, கொம்பு, செதில், தொப்பி, குழாய், நட்சத்திரம். பெரும்பாலானவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர். 1975-இல் மேத்யூஸ், மிசார்ஷெவ்ஸ்கி இருவரும் இவற்றுக்குச் ‘சிறு ஓட்டுப் புதைபடிவங்கள்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். என்னவென்று தெரியாதபோது வைக்கிற பெயர்தான்.

போர்க்களத்தில் பொத்தான்களும் கொக்கிகளும் மட்டும் சிதறிக் கிடந்தால், வீரன் எப்படி இருந்தான் என்று யார் சொல்வது? ஒவ்வொரு துண்டையும் தனி உயிராக நினைத்துத் தனிப் பெயர் வைத்தவர்கள் உண்டு.

டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவிலிருந்து 1967-இல் அப்படிப் பெயர் பெற்றது ஹல்கியேரியா. தெரிந்ததெல்லாம் உள்ளீடற்ற செதில்கள். இருபதாண்டுக்கும் மேலாக அது முகமில்லாத பெயராகவே இருந்தது.

வட கிரீன்லாந்தில், வடதுருவத்துக்கு அருகே, சிரியஸ் பாசெட் என்ற இடம். நாய் பூட்டிய சறுக்குவண்டிகளில் ரோந்து போகும் டென்மார்க் படைப்பிரிவின் பெயரைத் தாங்கியது. அங்கிருந்து கிடைத்த கற்பலகைகளில், செதில்கள் சிதறாமல், வரிசை கலையாமல், உடலின்மேல் இருந்தபடியே ஹல்கியேரியா படுத்திருந்தது. சைமன் கான்வே மாரிஸும் ஜான் பீலும் 1990-இல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார்கள். சில சென்டிமீட்டர் நீளம், நத்தை போலத் தவழும் தட்டையான உடல். முதுகெல்லாம் ஓடு வேய்ந்த கூரை போல ஆயிரக்கணக்கான செதில்கள். யாரும் எதிர்பாராதது ஒன்றும் இருந்தது: முன்முனையில் ஒரு சிப்பி, பின்முனையில் ஒரு சிப்பி.

தனியாகக் கிடைத்திருந்தால் செதிலை ஒரு விலங்கு என்றும், சிப்பியை இன்னொரு விலங்கு என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒரே முதுகில் இருந்தன.

இத்தனை ஓடுகள் பெருகியும், கேம்ப்ரியன் தொடங்கும் கோட்டைக் குறிக்க எந்த ஓடும் தேர்வாகவில்லை என்பது வேடிக்கை. மெய்ஷூசுனும் ஆல்டனும் போட்டியில் இருந்தன. 1992-இல் வென்றது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள ஃபார்ச்சூன் ஹெட். அங்கே அடையாளமாக ஏற்கப்பட்டது ஒரு வளைத் தடம்: சேற்றைக் குடைந்து, கிளை கிளையாக மேலெழுந்து, மீண்டும் குடைந்து சென்ற ஏதோ ஒரு மெல்லுடல் உயிரின் வழித்தடம். அந்த உயிரின் உடல் கிடைக்கவில்லை. அது போன வழி மட்டும் கல்லில் நிற்கிறது.

குடைவதற்குத் தெரிந்த உடல். முன்னோக்கிப் போகிற தலை. பாயாக விரிந்திருந்த பழைய நுண்ணுயிர்ப் படலத்தைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கியவர்கள் இவர்கள்.

◆ ◆ ◆

காணாமல் போன துளைப்பவர்

குளோடினா கேம்ப்ரியன் தொடங்கும் எல்லையை ஒட்டி மறைந்துபோகிறது. முதன்முதலில் கவசம் போட்டவர்களில் ஒருவர், கவசங்களின் பொற்காலம் தொடங்கும்போது மேடையில் இல்லை.

துளையிட்டவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவர் விட்டுச்சென்ற வட்டங்கள் மட்டுமே. அவருக்கு ஓடு இருந்ததாகத் தெரியவில்லை. பல் இருந்தால் அதுவும் கிடைக்கவில்லை. அமிலத்தால் இளக்கினாரா, அரத்தால் சுரண்டினாரா என்பதற்கும் விடை இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. துளை தெரிய வேண்டுமென்றால் முதலில் சுவர் இருக்க வேண்டும். மெத்தென்ற உடலைக் கடித்த தடம் சேற்றோடு போய்விடும். கல்லைக் கடித்த தடம் மட்டுமே நிற்கும். அப்படியானால் சுவர் வந்தபின் துளைப்பவர் வந்தாரா? இல்லை, அவர் எப்போதோ வந்து சுற்றிக்கொண்டிருந்து, குளோடினா சுவர் எழுப்பிய பிறகுதான் முதன்முறையாகக் கையும் களவுமாகப் பிடிபட்டாரா?

விடை தேட ஓடுகள் போதாது, உடல்கள் வேண்டும். தசையும், குடலும், கண்ணும், வாயும் அழுகாமல் கல்லான உடல்கள். 1984 ஜூலை 1 அன்று, யுன்னானின் செங்ஜியாங்கில் மாவோதியான் மலைச் சரிவில் ஹோ சியான்குவாங் மஞ்சள் நிறக் களிமண்கல் பலகைகளைப் பிளந்துகொண்டிருந்தார். ஒரு பலகையில் ஏதோ பளபளத்தது. ஈரம் இன்னும் காயாத உயிர் போல. குளோடினாவுக்குப் பின் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு கழித்துப் புதைந்தவை அவை.

அந்தக் கூட்டத்தில் பிடிக்கும் கைகள் இருந்தன, முள் பதித்த வாய்கள் இருந்தன. குளோடினாவின் சுவரைத் துளைத்தவரின் வாரிசும் அவற்றுள் இருந்தாரா?

(தொடரும்)